கமலத்தையின் ஒற்றைக்கால் கிளி

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு ஸ்கூட்டரின் பின்சீட்டில்.

முன்னால் வசந்தி அக்கா. பின்னால் நான். அவர் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில், பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு கண்ணாடிச் சட்டம். யாதவகிரியில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து குவெம்புநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அக்கா, "கெட்டியா பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார். என் பாதுகாப்பைப் பற்றித்தான் கேட்கிறார் என்று முதல் இரண்டு பிரேக்கர் வரை நம்பினேன்.

வசந்தி அக்கா எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். கூடப் பிறந்தவர் இல்லை, கூட டிபன் பாக்ஸ் திறப்பவர். தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக மைசூரு வந்துவிட்ட குடும்பம். தமிழில் ஆரம்பிப்பார், கோபம் வந்தால் கன்னடத்தில் முடிப்பார். பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு ஃப்ளாட்டுக்குப் போகிறார். ஆவணியில் கிருகப்பிரவேசம்.

"இதை ஏன்க்கா எங்க வீட்டுக்குக் கொண்டு போறோம்?"

"உஷா நாளைக்கு கோயம்புத்தூர்லேர்ந்து வர்றா. சாமானெல்லாம் பிரிக்கணும். இது செவுத்துல இருந்தா கையோட எடுத்துட்டுப் போயிடுவா."

உஷா அவருடைய ஒரே தங்கை. அதாவது, நான் அப்போது கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது ஒரு கடத்தல் பொருள்.

சட்டத்துக்குள் இருந்தது ஒரு சாம்ப்ளர். கேள்விப்பட்டதில்லையா? ஒரு வருஷத்துக்கு முன்னால் வரை நானும்தான். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் பெண் பிள்ளைகளுக்கு ஊசி வேலை ஒரு பாடம். கற்றுக்கொண்ட தையல்களையெல்லாம் ஒரே துணியில் போட்டுக் காட்ட வேண்டும். மேலே ஏ, பி, சி, டி. கீழே எண்கள். அப்புறம் ஒரு வீடு, ஒரு மரம், பறவைகள், சுற்றிலும் ஒரு கொடி பார்டர். கடைசியில் தைத்தவள் பெயர். இன்றைய ரெஸ்யூமே மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே வித்தியாசம்... அதில் தெரியாததைத் தெரியும் என்று போட முடியாது.

இதைத் தைத்தவர் கமலா. அக்காவின் அப்பாவுக்கு அத்தை. அப்பா 'கமலத்தை' என்று சொல்லிச் சொல்லி, நேரில் பார்த்தே இராத இந்த இரண்டு பெண்களுக்கும் அவர் கமலத்தைதான். துணிக்கு வயது நூறை நெருங்கும். நூல், அசல் பட்டு. நடுவில் ஒரு வீடு, இருபுறமும் இரண்டு கிளிகள். எல்லாமே டிகாக்‌ஷன் நிறத்தில் — ஸ்ட்ராங், லைட், இரண்டாவது டிகாக்‌ஷன். பக்கத்து ஜன்னல் வெயில் அத்தனை வருஷமாகப் பார்த்த வேலை.

பித்தளை அண்டா, ஊஞ்சல், அம்மாவின் பட்டுப் புடவைகள்... எல்லாவற்றையும் அக்காவும் தங்கையும் போனிலேயே சுமுகமாகப் பிரித்துவிட்டார்களாம். இதில்தான் முட்டிக்கொண்டது. அப்பா தனக்குத்தான் தருவதாகச் சொன்னார் என்று உஷா. தன்னிடம் சொன்னார் என்று வசந்தி அக்கா. யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. இரண்டு பெண்களைப் பெற்ற அப்பா வேறு எப்படித்தான் நடந்துகொள்வார்?

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து சிக்னலில் வண்டி நின்றது. அங்கேதான் வாயை விட்டேன்.

"ஒன்னே ஒன்னு இருக்கறதாலதானேக்கா சண்டை? ரெண்டு இருந்தா?"

"என்னடா, பாதியா கத்தரிக்கச் சொல்றியா?"

"இதே மாதிரி இன்னொன்னு தெச்சுடலாம்."

"யாரு தெப்பா?"

"நான்."

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அக்கா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நகரவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். மீன் தொட்டி, கீபோர்டு, மாடியில் காளான்... என்று வரிசையாக ஏறி இறங்கியவன். போன வருஷம் பிடித்தது ஊசி. கைக்குட்டையில் பூ, தலையணை உறையில் மயில், அதன் பிறகு பட்டு நூல். அம்மா எதையும் தடுப்பதில்லை. "மீன் செத்துப் போச்சு. ஊசி சாகாது, பரவால்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் உஷா வந்தார். யாதவகிரி வீட்டு ஹாலில் சட்டம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும். அக்கா பிறகு சொன்னதை வைத்துச் சொல்கிறேன். உஷா கத்தவில்லையாம். அந்தச் சதுரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் பங்காகக் கட்டி வைத்திருந்த எதையும் எடுக்காமல், காபி கூடக் குடிக்காமல், பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூப்பிட்டாராம். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னது ஒன்றுதான். கிருகப்பிரவேசத்துக்குத் தன்னை எதிர்பார்க்க வேண்டாம்.

"பால் காய்ச்சும்போது பொறந்த வீட்டுலேர்ந்து வந்து நிக்க எனக்கு வேற யாரு இருக்கா சொல்லு" என்றார் அக்கா, மறுநாள் மதியம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். அன்று அவருடைய எலுமிச்சை சாதத்தை நான்தான் சாப்பிட்டேன். சங்கடத்தோடுதான். ஆனாலும் சாப்பிட்டேன்.

யோசனை சொன்னவன் நான். சட்டம் இருப்பது என் அலமாரி மேல். இனி சும்மா இருக்க முடியுமா? அக்காவிடம் நம்பர் வாங்கி உஷாவுக்குப் போன் செய்தேன்.

"எங்க வீட்டுப் படத்தை ஒளிச்சு வெச்சிருக்கற தம்பி நீங்கதானுங்களா?"

கல்யாணமாகி இருபது வருஷம் கோவையில் இருந்தால் கோபத்திலும் 'ங்க' வந்துவிடுகிறது. நான் ஒளிக்கவில்லை, பாதுகாக்கிறேன் என்று விளக்கினேன். அக்காவுக்கு வக்கீலா நீங்கள் என்று கேட்டார். பூ வேலை செய்பவன் என்றேன். அந்தப் பக்கம் 'ம்க்கும்' என்று ஒரு சத்தம். சிரித்தாரா, முறைத்தாரா, இன்றுவரை தெரியாது.

நகல் யோசனையைச் சொன்னதும் அவர் ஒரு கண்டிஷன் போட்டார்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. கண்ணாடி, சட்டம் ஒன்னும் இருக்கக் கூடாது. எது எதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியலீன்னா, அவ குடுக்கறதை வாங்கிக்கறேன். விசேஷத்துக்கும் வர்றேன். கண்டுபிடிச்சுட்டேன்னா ஒரிஜினல் எனக்கு. அப்புறம் விசேஷத்துக்கு வர்றதைப் பத்தி யோசிக்கறேன்."

அக்காவிடம் சொன்னேன். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மணிக்கட்டில் வளையலைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "சரி. ஆனா தப்பா தெச்சே... கொன்னுடுவேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அதோடு ஒரு சத்தியமும் வாங்கினார். கடைசி நாள் வரை சட்டத்தைத் திறக்கக் கூடாது. பழைய துணி, காற்றுப் பட்டால் உதிர்ந்துவிடும் என்று பயம். சத்தியம் செய்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் முட்டாள்தனத்துக்கு இருக்கும் ஒரே சாக்கு இதுதான்.

முதல் சிக்கல், நூல். பட்டுக்குப் பெயர்போன ஊரில் பூ வேலைப் பட்டு நூல் கிடைக்காது என்று சொன்னால் நம்புவீர்களா? புடவை வேண்டுமா, தெருவுக்குத் தெரு. தைக்க ஒரு கண்டு பட்டு நூல் வேண்டுமா, செயற்கைப் பட்டை எடுத்து நீட்டுவார்கள். ஆன்லைனில் உண்டு. ஆனால் எல்லாம் பளபள நிறங்கள். எனக்கு வேண்டியது டிகாக்‌ஷன்.

சிவராம்பேட்டையில் ஒரு நூல் கடையில் விமோசனம் கிடைத்தது. உள்ளே இல்லை... ஷோகேஸில். கண்ணாடிக்குப் பின்னால், வருஷக்கணக்காக சாயங்கால வெயிலைக் குடித்துக்கொண்டு, ஒரு கம்பியில் பட்டு நூல் கண்டுகள் தொங்கின. பச்சை சாம்பலாகி, சிவப்பு செங்கல்பொடியாகி... கமலத்தையின் நிறங்கள், அப்படியே. கடைக்காரர் அதைத் தர மறுத்தார். வெளுத்துப்போனது, சும்மா அழகுக்குத் தொங்குகிறது, நல்ல நூல் உள்ளே இருக்கிறது என்று கன்னடத்தில் எடுத்துச் சொன்னார். வெளுத்ததுதான் வேண்டும் என்றேன். அக்காவுக்கா, மனைவிக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும், அதற்கு மேல் வாதாட விரும்பாதவர் போல, ஸ்டூலைப் போட்டு ஏறி அத்தனையையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கண்டைப் பிரித்தால் இன்னொரு வேடிக்கை. ஒரே இழைதான், ஆனால் கொஞ்ச தூரம் வெளுப்பு, கொஞ்ச தூரம் பளீர். கண்டில் வெளிப்பக்கம் இருந்த இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருந்தது. உள்ளே மடிந்திருந்த இடமெல்லாம் சாயத்தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி. எனக்குக் கடுப்பு. கத்தரியை எடுத்து வெளுத்த துண்டுகளை மட்டும் வெட்டிச் சேர்த்தேன். பளீர்த் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஓரமாக வைத்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை.

பட்டில் தைப்பது பருத்தியில் தைப்பது போல இல்லை. முறுக்கில்லாத இழை. விரலில் துளி சொரசொரப்பு இருந்தாலும் பிடித்துக்கொண்டு, சிலிர்த்துக்கொண்டு நிற்கும். சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் கலந்து விரலைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும். "காபிக்கு சர்க்கரை பத்தாம நிக்கறேன், இவன் கைக்குப் பூசிக்கறான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் புகார் செய்தார். நீள இழையும் கூடாது. துணிக்குள் போய்ப் போய் வந்து பளபளப்பு செத்துவிடும். முழங்கை நீளம்... அதுவும் அதிகம்தான்.

குறுக்குத் தையல் பார்த்திருப்பீர்கள், பெருக்கல் குறி மாதிரி. அதில் மேலே வரும் இழை எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று திசை மாறினாலும் பட்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் ஒருவன் மட்டும் வேறெங்கோ பார்ப்பானே, அந்த மாதிரி. கமலத்தையின் துணியில் அப்படி ஒருவன் கூட இல்லை. கண்ணாடி வழியாக எண்ணி எண்ணிப் பார்த்தேன். எத்தனை வயதுப் பெண்ணாக இருந்திருப்பார்? பத்து? பன்னிரண்டு? எனக்கோ ஒரு வரியில் மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரித்தேன். மறுபடி தைத்தேன். மறுபடி பிரித்தேன்.

எழுத்துகள் முடிந்தன. எண்கள் முடிந்தன. வீடு எழும்பியது. இடது பக்கக் கிளி வந்து உட்கார்ந்தது. வலது பக்கக் கிளிக்கு மட்டும் ஒரு கால்தான் இருந்தது. பாவம், அவசரத்தில் விட்டுப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். நகல் எடுப்பவன் நகல் மட்டும் எடுக்க வேண்டும் என்பது எந்த ஜெராக்ஸ் மெஷினுக்கும் தெரியும். நான் படித்தவன். எனக்குத் தெரியவில்லை. ஒரு நல்லெண்ணத்தில் இன்னொரு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

அந்த வாரம் உஷா வீடியோ காலில் வந்தார். கலர் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். துணியைக் காமிராவுக்கு முன் பிடித்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கொஞ்சம் மேலே என்று நகர்த்தச் சொன்னார். சட்டென்று நிறுத்தினார். "கிளிக்கு எத்தனை காலுங்க தம்பி?"

"ரெண்டு."

"எங்க வீட்டுக் கிளிக்கு ஒன்னுதான்."

சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டிருந்தபோது, அந்தச் சட்டத்துக்கு எதிரே இருந்த கட்டிலில்தான் படுக்க வைத்திருந்தார்களாம். புத்தகம் கிடையாது, வெளியே போக முடியாது. பார்ப்பதற்கு அந்தக் கிளி மட்டும். அதற்கு ஏன் ஒரு கால் என்று அக்காவைக் கேட்டாராம். பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அக்கா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு தினம் ஒரு கதை சொன்னாராம், அந்தக் காலைப் பற்றி.

"என்ன கதைங்க?"

"அவளைக் கேளுங்க. ஞாபகம் இருக்கான்னு பாருங்க." போன் கட்டாகிவிட்டது.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே. கடைசி நாளில் வந்து, கிளியைக் காட்டி, ஒரே நொடியில் ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே. ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் எதிராளியின் தப்பை எதற்குத் திருத்திக் கொடுக்கிறார்?

மறுநாள் வசந்தி அக்காவிடம் கேட்டேன், அந்தக் கால் எங்கே போனது என்று. தயிர் சாதத்தில் இருந்த கை நின்றது.

"சாமராஜநகர் பாசஞ்சர்ல ஏறிப் போயிடுச்சு" என்றார். "ரிட்டர்ன்ல வந்துடும்னு சொல்லுவேன். தினம் சாயங்காலம் வண்டி வர்ற சத்தம் கேட்டா, வந்துடுச்சான்னு கேப்பா."

டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோய் ரொம்ப நேரம் கை கழுவினார்.

காலைப் பிரித்தேன். பட்டைப் பிரிப்பது தைப்பதைவிடக் கொடுமை. நூல் வந்துவிடும், ஊசி போன ஓட்டை போகாது. துணியை நகத்தால் மெல்ல மெல்ல நீவி, இழைகளை நகர்த்தி, ஓட்டையை மூட வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்த பட்டுத் துணுக்குகளை செலோ டேப்பால் ஒற்றி எடுத்தேன். கடைசியில் கிளி ஒற்றைக் காலில் நின்றது. எனக்கே அதுதான் சரி என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உஷா வந்தார். யாதவகிரி வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில். பேசினால் எதிரொலித்தது. ஆனால் யார் பேசினார்கள்? அக்காவும் தங்கையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து என் மூலமாகத்தான் சாப்பிட்டார்கள். ரசம் வேண்டுமா என்று அவளைக் கேள். போதும் என்று அவளிடம் சொல்லுங்க தம்பி. அப்பளம் என் தட்டு வழியாகக் கோயம்புத்தூருக்கும் மைசூருக்கும் போய் வந்தது. அக்காவின் கணவர் சாப்பிட்ட கையோடு பால்கனிக்குப் போய், அங்கே இல்லாத செடிக்குத் தண்ணீர் விட்டார்.

சாப்பாடு முடிந்து, மேஜையைத் துடைத்து, மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தோம். நான் கொண்டுவந்திருந்த சட்டத்தைக் கவிழ்த்து வைத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அக்கா என் தோளுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அட்டையை எடுத்தேன்.

துணியின் பின்பக்கம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளிப்பச்சை... நிஜமான கிளிப்பச்சை. வீட்டுக் கூரை காபி நிறம் இல்லை, ராணி பிங்க். சாம்பல் என்று நான் மாய்ந்து மாய்ந்து பொருத்திய கொடி பார்டர், கத்தரிப்பூ ஊதா. 'கமலா' என்ற பெயர், தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. வெயில் முன்பக்கத்தைத்தான் தின்றிருக்கிறது. பின்பக்கத்தில் அந்தப் பெண் நூல் கோத்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

என் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய இதே நிறங்கள் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே வெளுப்பு, உள்ளே பளீர். நூல் கண்டு எனக்கு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. நான் கத்தரியால் பதில் சொல்லியிருக்கிறேன். நகல் எடுக்க வேண்டியவன், கமலத்தையை விட்டுவிட்டு வெயிலை நகல் எடுத்திருக்கிறேன்.

"கூரை பிங்க்கா?" என்றார் வசந்தி அக்கா.

"நான் சின்ன வயசுலயே சொன்னேன் செவப்புன்னு. நீதான் காபி கலர்னு அடிச்சு சொன்னே" என்றார் உஷா.

"நீ செவப்புன்னே. இது பிங்க்."

"காபிக்கு இது பக்கமா, செவப்புக்குப் பக்கமா?"

"ஊதா பார்டருக்கு யாராவது பிங்க் கூரை போடுவாளா?"

"கமலத்தை போட்டிருக்காளே. பயங்கர கலர் பார்ட்டி போல."

நான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வழியாக யாரும் பேசவில்லை. மொழிபெயர்ப்பாளனின் வேலை போய்விட்டது. பால்கனியில் தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது.

உஷாதான் அதைக் கண்டுபிடித்தார். வலது பக்கக் கிளிக்குக் கீழே, இரண்டாவது கால் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துளி பச்சை. முன்பக்கம் தேய்ந்தோ பூச்சி அரித்தோ போன தையலின் மிச்சம். அப்படியானால்... கிளிக்கு இரண்டு கால் இருந்திருக்கிறது. நான் முதலில் தைத்ததுதான் சரி. நகத்தால் நீவி நீவி நான் மூடிய ஓட்டைகளை நினைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளும் நிலைமை அப்போது அங்கே இல்லை.

"அப்ப நெஜமாவே கிளம்பித்தான் போயிருக்கு" என்றார் உஷா.

வசந்தி அக்கா, தங்கையின் தலையில் ஒட்டியிருந்த தெர்மோகோல் உருண்டை ஒன்றை எடுத்துப் போட்டார்.

பரீட்சை? யாருக்கும் ஞாபகமே இல்லை. நான்தான் கேட்டேன். உஷா ஒரிஜினலைத் திருப்பிப் போட்டு, என் நகலைப் பக்கத்தில் வைத்து, இரண்டு நொடி பார்த்தார். என்னுடையதில் விரலை வைத்தார்.

"இதுதான் புதுசு. 'கே'வுக்கு மேல ஒரு தையல் திரும்பியிருக்கு."

ஒரே ஒருவன். கூட்டத்தில் ஒளிந்துகொண்டு முகத்தைத் திருப்பியிருந்தான். தோற்றுவிட்டேன். வசந்தி அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஆணிகளைப் பொறுக்கினேன்.

"ஆனா எனக்கு இதுதான் வேணும்" என்றார் உஷா, விரலை எடுக்காமலே.

"ஏன்டீ? ஒரிஜினல் உனக்குத்தானே?"

"அதோட பின்பக்கம் கமலத்தை பார்த்த கலர்க்கா, இனிமே அதை எப்படி மாட்டினாலும் எனக்கு அந்த பிங்க்தான் ஞாபகம் வரும். நான் கட்டில்ல படுத்துப் பார்த்தது இந்தக் கலர். இதைக் கொண்டுபோய் எங்க வீட்ல மாட்டினா எனக்கு நம்ம ஹால் வந்துடும். ஒரிஜினலை நீ வெச்சுக்கோ. வெயில்ல மட்டும் மாட்டாதே."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். இந்த வாரப் பக்கத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்று கூட மனதுக்குள் வரி போட்டுவிட்டேன். நகலுக்கும் ஒரு மரியாதை உண்டு, வயசான பொருளைவிட வயசான ஞாபகத்துக்கு மதிப்பு ஜாஸ்தி... என்கிற மாதிரி ஏதோ ஒன்று. நல்ல வேளை, எழுதவில்லை. ஏனென்றால் வசந்தி அக்கா நகலைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார்.

"நான் மட்டும் எந்தக் கலரைப் பார்த்து வளர்ந்தேனாம்?"

உஷா விரலை இன்னும் அழுத்தினார்.

"இங்க பாரு, நீ கட்டில்லேர்ந்து பார்த்த அதே கிளியைத்தான் நான் வாசப்படியில உக்காந்து தினம் பார்த்திருக்கேன்."

"நீ பார்த்தது என்னை."

"ரெண்டையும்தான்."

உஷாவின் விரல் அப்படியே இருந்தது. அக்காவின் கையும் அப்படியே இருந்தது. ஒரு ஓரத்தை இவர், ஒரு ஓரத்தை அவர். நூறு வருஷத்துப் பொக்கிஷம் தொடுவாரில்லாமல் மேஜையில் கிடந்தது. நான் சர்க்கரை தேய்த்துத் தைத்த புதுத் துணிக்குத்தான் இப்போது இழுபறி. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். துணி கிழியாமல் இருந்தால் போதும் என்றுதான் தோன்றியது.

"இன்னொன்னு தெச்சுத் தர்றேன்க்கா" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். முகஜாடை அப்படியே ஒன்றுதான். அதுவரை நான் கவனித்ததே இல்லை.

பேச்சுவார்த்தை காபி வரை நீண்டது. இப்போதைக்கு ஒப்பந்தம் இதுதான். முதல் நகல் உஷாவோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. ஒரிஜினல், மெல்லிய வெள்ளைத் துணியில் சுற்றி, அக்காவின் பீரோவில், வெயில் எட்டாத தட்டில். கிருகப்பிரவேசத்துக்கு உஷா வருகிறார். முதல் நாளே வருகிறார். என்ன கலர் புடவை என்று போனில் இப்போதே வாக்குவாதம் நடக்கிறது. ராணி பிங்க் என்பது வரை வந்திருக்கிறார்களாம்.

எனக்கு உத்தரவு, அக்காவுக்கு இன்னொரு டிகாக்‌ஷன் பிரதி. ஆனால் நான் அடங்குவேனா? பின்பக்கத்தை அன்றே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஊதா, அந்த ஆரஞ்சு, அந்த அநியாயப் பிங்க். கமலத்தை பெயரைப் போட்டு முடித்து நூலைக் கத்தரித்த அன்று துணி எப்படி இருந்ததோ, அப்படியே ஒன்றைத் தைத்துப் பார்க்க வேண்டும். கிளிக்கு இரண்டு காலோடு. யாரும் கேட்கவில்லை. அம்மா சர்க்கரை டப்பாவை இடம் மாற்றிவிட்டார். இருந்தாலும் நேற்று துணி வெட்டிவிட்டேன்.

விஷயம் எப்படியோ இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. காலையில் தனித்தனியாகப் போன் செய்து, அந்தக் கலர்ப் பிரதி யாருக்கு என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்கள்.

தையல் வளையங்களில் இப்போது கலர்ப் பிரதிக்கே இரண்டு துணி மாட்டியிருக்கிறேன்.